விலங்குப் பண்ணை: முதல் முறை படிப்பவர்களுக்கு ஒரு வழி

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' சின்னப் புத்தகம். ஆங்கிலத்தில் ஏறத்தாழ 30,000 சொற்கள், பத்து அத்தியாயங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். அதனாலேயே பலர் ஒரு முறை புரட்டியதும் படித்தாகிவிட்டது என்று வைத்துவிடுகிறார்கள். ரஷ்யப் புரட்சியின் கதையை விலங்குகளை வைத்துச் சொல்லும் நூல் என்பதால், நெப்போலியன் என்ற பன்றி ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி டிராட்ஸ்கி, பாக்ஸர் என்ற குதிரை உழைக்கும் வர்க்கம் என்று ஒரு பட்டியலை மனப்பாடம் செய்தால் போதும் என்ற எண்ணம் வகுப்பறையிலேயே நமக்கு வந்துவிடுகிறது. பட்டியலில் தப்பில்லை. ஆனால் முதலில் அதைக் கையில் எடுத்தால், கதையில் நடப்பதைப் பார்க்காமல் யார் யார் என்று சரிபார்ப்பதிலேயே வாசிப்பு முடிந்துவிடும். அதனால் இங்கே அந்தப் பட்டியலைக் கொஞ்சம் தள்ளிவைக்கிறேன். முதலில் கதை, அப்புறம் வரலாறு, அதற்கப்புறம் ஆசிரியரின் வாழ்க்கை.

எந்தப் பதிப்பு வாங்குவது?

ஆர்வெல் 1950இல் இறந்தார். ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளில் காப்புரிமை முடியும் என்பது இந்தியச் சட்டம். ஆகவே 2011 முதல் இங்கே யார் வேண்டுமானாலும் இந்த நூலை அச்சிடலாம். விலை குறைந்த பதிப்புகள் நிறையக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வாங்கும்முன் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பத்து அத்தியாயங்களும் முழுசாக இருக்கின்றனவா? மாணவர்களுக்கென்று சுருக்கியவையும் சந்தையில் உண்டு, அவை வேண்டாம். அடுத்து, ஆர்வெல் எழுதிய இரண்டு முன்னுரைகள் பின்னிணைப்பாக இருக்கின்றனவா? ஒன்று 1947இல் வந்த உக்ரைனிய மொழிபெயர்ப்புக்காக எழுதியது. மற்றது முதல் பதிப்புக்காக எழுதி, சேர்க்கப்படாமல் போன, பத்திரிகைச் சுதந்திரம் பற்றிய கட்டுரை. அது பல ஆண்டுகள் கழித்துக் கண்டெடுக்கப்பட்டு 1972இல்தான் அச்சேறியது. இரண்டும் இருக்கும் பதிப்புக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம்.

தமிழில் க.நா.சுப்ரமண்யம் மொழிபெயர்த்திருக்கிறார், வேறு மொழிபெயர்ப்புகளும் வந்திருக்கின்றன. ஆங்கிலம் ஓரளவு படிக்க வருமென்றால், தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு மூலத்துக்குப் போங்கள். ஆர்வெல் வேண்டுமென்றே எளிமையாக எழுதிய நூல் இது. அகராதியை அடிக்கடி தேட வேண்டியிருக்காது.

முதல் வாசிப்பு: பேனாவை மூடி வையுங்கள்

முதல் தடவை வெறும் கதையாகப் படியுங்கள். நூலின் துணைத்தலைப்பே 'ஒரு தேவதைக் கதை' என்பதுதான். ஜோன்ஸ் என்ற குடிகாரப் பண்ணைக்காரன், கனவு கண்டு பேசுகிற மேஜர் என்ற கிழப் பன்றி, விலங்குகளின் எழுச்சி, ஜோன்ஸை விரட்டியடிக்கும் மாலை. அதற்குப்பின் பண்ணையின் ஆட்சி மெல்ல மெல்லப் பன்றிகள் கைக்குப் போகிறது. ஸ்டாலின், லெனின் என்று எதையும் யோசிக்க வேண்டாம். ஏழாம் அத்தியாயத்தில் முற்றத்தில் நடக்கும் கொலைகளும், ஒன்பதாம் அத்தியாயத்தில் பாக்ஸரை ஏற்றிப்போகும் வண்டியும் உங்களை என்ன செய்கின்றன என்பதை மட்டும் கவனியுங்கள். அந்த வலி வராதவர்களுக்கு எத்தனை வரலாற்றுக் குறிப்பு கொடுத்தாலும் இந்தப் புத்தகம் கைக்கு வராது.

முடித்த அன்றே ஒரு பக்கம் எழுதுங்கள். எந்த இடத்தில் "இனி இது திரும்பாது" என்று உங்களுக்குத் தோன்றியது? பதில் சரியா தப்பா என்று இப்போது பார்க்க வேண்டாம். தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாசிப்பு: சுவருக்கென்று ஒரு பக்கம்

இப்போது நோட்டை எடுங்கள். ஒரு முழுப் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, இடப்பக்கம் களஞ்சியச் சுவரில் எழுதப்பட்ட ஏழு கட்டளைகளை எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு காலில் நடப்பது எதிரி. நான்கு காலில் நடப்பதும் சிறகுள்ளதும் நண்பன். எந்த விலங்கும் உடை அணியக் கூடாது, கட்டிலில் உறங்கக் கூடாது, மது குடிக்கக் கூடாது, வேறொரு விலங்கைக் கொல்லக் கூடாது. எல்லா விலங்குகளும் சமம்.

வலப்பக்கத்தில் ஒவ்வொன்றும் எந்த அத்தியாயத்தில், எப்படி மாறுகிறது என்று பதியுங்கள். ஆறாம் அத்தியாயத்தில் பன்றிகள் பண்ணை வீட்டில் குடியேறியதும் கட்டில் பற்றிய கட்டளையில் "விரிப்புடன்" என்று ஒரு சொல் சேர்ந்திருக்கும். எட்டாம் அத்தியாயத்தின் தொடக்கத்தில் கொலை பற்றிய கட்டளையோடு "காரணமின்றி" ஒட்டிக்கொண்டிருக்கும். அதே அத்தியாயத்தின் முடிவில் மது பற்றிய கட்டளை "அளவுக்கு மீறி" என்று நீண்டிருக்கும்.

இந்த மூன்று இடங்களிலும் கவனிக்க வேண்டியது, பழைய வரி எதுவும் அழிக்கப்படுவதில்லை. ஒரு சிறு சொல் சேர்கிறது, அவ்வளவுதான். படிக்கிற விலங்குக்கு, முன்பிருந்தே இப்படித்தான் இருந்ததோ, நாம்தான் மறந்துவிட்டோமோ என்ற சந்தேகம் வருகிறது. தன் நினைவையே நம்ப முடியாமல் போன பிறகு, யாரிடம் போய் என்னவென்று கேட்பது? ஸ்குவீலர் என்ற பன்றி பேசிப்பேசிச் சாதிப்பதில் பாதி வேலையை இந்தச் சந்தேகமே செய்துவிடுகிறது.

எட்டாம் அத்தியாயக் கடைசியில் ஒரு காட்சி வருகிறது. நள்ளிரவில் முற்றத்தில் பெரிய சத்தம். விலங்குகள் ஓடிவந்து பார்த்தால் களஞ்சியச் சுவரடியில் ஏணி இரண்டாக முறிந்து கிடக்கிறது. பக்கத்தில் ஸ்குவீலர் மயங்கிக் கிடக்கிறான். ஒரு லாந்தர், ஒரு தூரிகை, கவிழ்ந்த வெள்ளைச் சாயச் சட்டி. இத்தனையும் கண்முன்னே இருந்தும் விலங்குகளுக்கு என்ன நடந்தது என்று புரியவில்லை. பெஞ்சமின் என்ற கழுதைக்கு மட்டும் புரிகிறது, தலையை ஆட்டிக்கொள்கிறது. ஆனால் வாய் திறக்கவில்லை. இந்தப் பத்தியை மூன்று நான்கு முறை படியுங்கள்.

யாருக்கு வாசிக்கத் தெரியும்?

மூன்றாம் அத்தியாயத்தில் விலங்குகள் எழுத்துக் கற்றுக்கொள்கின்றன. பலர் இந்தப் பகுதியை வேடிக்கை என்று நினைத்துத் தாண்டிவிடுவார்கள். என் பார்வையில் நாவலின் முழு எலும்புக்கூடும் இங்கேதான் இருக்கிறது. அதனால் இன்னொரு பக்கத்தில் இதையும் எழுதுங்கள்.

பன்றிகள் முழுமையாக வாசிக்கும். நாய்களுக்கும் வாசிக்க வரும், ஆனால் ஏழு கட்டளைகளைத் தவிர வேறு எதிலும் அவற்றுக்கு அக்கறை இல்லை. மியூரியல் என்ற வெள்ளாடு கிழிந்த செய்தித்தாள் துண்டுகளைக்கூடப் படித்துவிடும். குளோவர் என்ற பெண்குதிரைக்கு எழுத்துகள் எல்லாம் தெரியும், சேர்த்துச் சொல்லாக்கத் தெரியாது. பாக்ஸர் குளம்பால் மண்ணில் நான்கு எழுத்துகளை எழுதும், ஐந்தாவது எழுத்து நினைவுக்கு வராது. மோலி என்ற குதிரை தன் பெயருக்கான எழுத்துகளை மட்டும் கற்றுக்கொண்டு, அவற்றைச் சுள்ளிகளால் அடுக்கிப் பூ வைத்து அழகு பார்க்கும். ஆடுகளுக்குக் கட்டளைகளே மனசில் நிற்காது. அவற்றுக்காகத்தான் ஏழும் சுருங்கி "நாலு கால் நல்லது, ரெண்டு கால் கெட்டது" என்று ஒரே கோஷமாகிறது. பெஞ்சமினுக்கோ எந்தப் பன்றிக்கும் குறையாமல் வாசிக்கத் தெரியும். ஆனால் வாசிக்காது. வாசிக்கத் தகுந்ததாக எதுவும் இல்லை என்று சொல்லிவிடும்.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மிச்சக் கதையைப் படித்தால் எல்லாம் வேறு மாதிரி தெரியும். கொலைகளுக்குப்பின் குளோவர் சந்தேகப்பட்டுச் சுவரடிக்குப் போகிறாள். ஆறாம் கட்டளையைப் படித்துக் காட்டச் சொல்லிப் பெஞ்சமினைக் கேட்கிறாள். இந்த மாதிரி விஷயங்களில் தலையிட மாட்டேன் என்று அது மறுத்துவிடுகிறது. பிறகுதான் மியூரியலை அழைத்துவந்து படிக்கச் சொல்கிறாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் பாக்ஸரை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பும்போது, மற்ற விலங்குகள் எல்லாம் சுற்றி நின்று "போய் வா" என்று வழியனுப்புகின்றன. அப்போதுதான் பெஞ்சமின் 'முட்டாள்களே' என்று கத்தி, வண்டியின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்துகளை வாசித்துச் சொல்கிறது: குதிரை அறுப்பவர், பசை காய்ச்சுபவர். அதற்குள் நேரம் கடந்துவிட்டது. பத்தாம் அத்தியாயத்தில் குளோவர் மறுபடி கேட்கும்போது பெஞ்சமின் மறுப்பதில்லை. சுவரில் மிஞ்சியிருக்கும் ஒரே வரியைப் படிக்கிறது: எல்லா விலங்குகளும் சமம், ஆனால் சில விலங்குகள் மற்றவற்றைவிட அதிகச் சமம்.

பெஞ்சமினை ஞானி என்று பாராட்டி எழுதும் குறிப்புகள் நிறைய உண்டு. ஆர்வெலே பெஞ்சமின்தான் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தெரிந்திருந்தும் சொல்லாமல் இருந்த ஒரே பிராணி அது. அந்த மௌனத்துக்கு விலையாகப் போனது அதன் ஒரே சினேகிதனின் உயிர். ஆர்வெலோ வாழ்நாள் முழுக்கச் சுவரில் இருப்பதை உரக்க வாசித்துக்கொண்டே இருந்தவர்.

பால் வாளிகள்

இப்போது இரண்டாம் அத்தியாயத்தின் கடைசி அரைப் பக்கத்துக்குப் போங்கள். வெற்றி பெற்ற முதல் நாள். பசுக்களுக்குப் பால் கட்டிக்கொண்டு மடி வெடிக்கும் நிலை. பன்றிகள் கறக்கின்றன. நுரைத்த பால் ஐந்து வாளிகள். "இந்தப் பாலை என்ன செய்யப்போகிறோம்?" என்று யாரோ கேட்கிறார்கள். "ஜோன்ஸ் சில சமயம் எங்கள் தீவனத்தில் கொஞ்சம் கலப்பார்" என்கிறது ஒரு கோழி. நெப்போலியன் வாளிகளுக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறது. பாலைப் பற்றிக் கவலை வேண்டாம், அறுவடைதான் முக்கியம் என்கிறது. விலங்குகள் வயலுக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினால் பால் இல்லை.

பால் எங்கே போனது என்பது மூன்றாம் அத்தியாயத்தில் தெரியவருகிறது. அது தினமும் பன்றிகளின் தீவனத்தில் கலக்கிறது. தோட்டத்தில் உதிரும் ஆப்பிள்களும் பன்றிகளுக்கே என்று உத்தரவு வருகிறது. சில விலங்குகள் முணுமுணுக்கின்றன. ஸ்குவீலர் வந்து விளக்குகிறான்: எங்களுக்குப் பாலும் ஆப்பிளும் பிடிக்கவே பிடிக்காது, மூளை வேலை செய்கிறோம் என்பதால் உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறோம், இல்லாவிட்டால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவார். ஜோன்ஸ் பெயரைக் கேட்டதும் பேச்சு அடங்கிவிடுகிறது.

இதில் ஒரு வாக்கியத்தை அடிக்கோடிடுங்கள். இந்த விஷயத்தில் எல்லாப் பன்றிகளும் ஒரே கருத்தில் இருந்தன, ஸ்னோபாலும் நெப்போலியனும்கூட. மற்ற எல்லாவற்றிலும் அடித்துக்கொள்ளும் இருவர் இதில் மட்டும் ஒன்று. "ஸ்னோபால் ஜெயித்திருந்தால் பண்ணை நன்றாக இருந்திருக்கும்" என்று வாதாடுபவர்களுக்கு ஆர்வெல் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறார்.

இது என் ஊகம் அல்ல. 1946 டிசம்பரில் டுவைட் மக்டொனால்ட் என்ற அமெரிக்க எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில், கதையின் திருப்பமே பன்றிகள் பாலையும் ஆப்பிளையும் தங்களுக்கென்று வைத்துக்கொண்ட இடம்தான் என்று ஆர்வெல் எழுதுகிறார். அடைப்புக்குறிக்குள் குரோன்ஷ்டாட் என்று குறிப்பிடுகிறார். 1921 மார்ச்சில் அந்த ரஷ்யக் கடற்படைத் தளத்தில் மாலுமிகள் போல்ஷ்விக் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தபோது, அதை ஒடுக்கச் செஞ்சேனையை அனுப்பியவர்களில் முதன்மையானவர் டிராட்ஸ்கி. விலங்குகள் அப்போதே உறுதியாக எதிர்த்து நின்றிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்பது ஆர்வெலின் எண்ணம். புரட்சியை நீங்களே உங்களுக்காக நடத்தினால்தான் உண்டு, கருணையுள்ள சர்வாதிகாரம் என்று எதுவும் கிடையாது என்பதைத்தான் சொல்ல வந்தேன் என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார்.

முதல் வாசிப்பு முடிந்த அன்று எழுதி வைத்த பக்கத்தை இப்போது எடுத்துப் பாருங்கள். பெரும்பாலோர் நாய்கள் ஸ்னோபாலைத் துரத்தும் காட்சியையோ கொலைகளையோதான் எழுதியிருப்பார்கள். அதற்கு எவ்வளவு முன்னாலேயே விஷயம் கைமீறத் தொடங்கியது என்பது இப்போது தெரியும்.

இனி வரலாறு

இந்தக் கட்டத்தில்தான் பட்டியல் உதவும். பத்துச் சம்பவங்கள் தெரிந்தால் போதும். 1917 ரஷ்யப் புரட்சி, அதைத் தொடர்ந்த உள்நாட்டுப் போர், 1924இல் லெனின் மறைவு, 1929இல் டிராட்ஸ்கி நாடு கடத்தப்பட்டது, 1928இல் தொடங்கிய ஐந்தாண்டுத் திட்டம், கூட்டுப் பண்ணைத் திணிப்பும் 1932-33 பஞ்சமும், 1936 முதல் 1938 வரை பழைய தோழர்கள்மீது ஸ்டாலின் நடத்திய மாஸ்கோ வழக்குகள், 1939 ஆகஸ்டில் ஹிட்லரோடு உடன்பாடு, 1941 ஜூனில் ஹிட்லரின் படையெடுப்பு, 1943 கடைசியில் நடந்த டெஹ்ரான் மாநாடு. காற்றாலை, கோழிகளின் எதிர்ப்பு, முற்றத்து ஒப்புதல் வாக்குமூலங்கள், பக்கத்துப் பண்ணைக்காரன் ஃப்ரெடரிக் கொடுத்த கள்ள நோட்டு, கடைசிச் சீட்டாட்டம் என்று ஒவ்வொன்றையும் நீங்களே பொருத்திப் பார்க்கலாம்.

பொருத்தும்போது மூன்று விஷயங்களில் கவனம் தேவை. முதலாவது, வரிசை. சம்பவங்கள் உண்மை வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டவை என்றாலும், கதையின் வசதிக்காகக் கால வரிசை மாற்றப்பட்டிருக்கிறது என்று உக்ரைனிய முன்னுரையில் ஆர்வெலே சொல்லியிருக்கிறார். இரண்டாவது, லெனினுக்கென்று தனியாக ஒரு பாத்திரம் இல்லை. கிழ மேஜரின் போதனையில் மார்க்ஸ் இருக்கிறார். கம்பத்தடியில் காட்சிக்கு வைக்கப்படும் அதன் மண்டையோடு, பதப்படுத்தி வைத்த லெனின் உடலை நினைவூட்டுகிறது. இதை இன்னார் என்று ஒரே பெயரில் அடைக்கப் பார்க்காதீர்கள். மூன்றாவது, முடிவு. பன்றிகளும் மனிதர்களும் சமாதானமாகிவிட்டார்கள் என்று கடைசிக் காட்சியைப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. விருந்து முடியும் முன்பே நெப்போலியனும் இன்னொரு பக்கத்துப் பண்ணைக்காரனான பில்கிங்டனும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு ஸ்பேட் ஏஸைப் போட்டுவிட்டுச் சண்டை பிடிக்கிறார்கள். ரஷ்யாவுக்கும் மேற்கு நாடுகளுக்கும் நல்லுறவு மலர்ந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்த டெஹ்ரான் மாநாட்டுக்குப்பின், அது நிலைக்காது என்று நினைத்தே அப்படி முடித்ததாக ஆர்வெல் விளக்கியிருக்கிறார்.

ஆர்வெலின் நேர்மைக்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1945 மார்ச்சில், நூல் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தபோது, பாரிஸிலிருந்து பதிப்பாளருக்கு ஒரு திருத்தம் அனுப்பினார். எட்டாம் அத்தியாயத்தில் காற்றாலை வெடித்துச் சிதறும் இடம். "நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும்" தரையில் குப்புற விழுந்தன என்று முதலில் எழுதியிருந்தார். அதை "நெப்போலியனைத் தவிர எல்லா விலங்குகளும்" என்று மாற்றச் சொன்னார். ஜெர்மன் படை நெருங்கியபோது ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அவருக்கு அநியாயம் செய்யக் கூடாது என்பதே காரணம். உங்கள் பிரதியில் அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

ஆசிரியரின் வாழ்க்கை: மூன்று ஊர்கள்

வாழ்க்கை வரலாற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படிக்க வேண்டியதில்லை. மோதிஹாரி, பர்மா, பார்சிலோனா. இந்த மூன்று இடங்களைப் பிடித்துக்கொண்டால் போதும்.

எரிக் ஆர்தர் பிளேர் என்பது இயற்பெயர். 1903 ஜூன் 25 அன்று பீகாரில் மோதிஹாரியில் பிறந்தார். தந்தை ஆங்கிலேய அரசின் அபின் துறையில் அதிகாரி. காந்தி 1917இல் அவுரி விவசாயிகளுக்காகப் போராடிய அதே சம்பாரண் மாவட்டத்து ஊர் அது. குழந்தைக்கு ஒரு வயது இருக்கும்போதே தாய் இங்கிலாந்துக்குக் கூட்டிப்போய்விட்டார். ஈட்டன் பள்ளியில் படிப்பு, கல்லூரிக்குப் போகவில்லை. 1922இல் பர்மாவில் போலீஸ் வேலை, 1927இல் அதை உதறினார்.

பர்மாவைப் பற்றி இரண்டு கட்டுரைகளைக் கட்டாயம் படியுங்கள். ஒன்று தூக்குத் தண்டனை பற்றி 1931இல் எழுதியது, மற்றொன்று யானையைச் சுட்டது பற்றி 1936இல் எழுதியது. தமிழ் வாசகர்களுக்கு இதில் ஒரு தனி நெருக்கம் உண்டு. மௌல்மீனில் மதம் பிடித்த யானை மிதித்துக் கொல்வது ஒரு "கறுப்புத் திராவிடக் கூலி"யை. சேற்றில் முகம் புதைந்து, பற்கள் வெளித்தெரிய, தாங்க முடியாத வேதனையோடு கிடக்கும் அந்த உடலை ஆர்வெல் நின்று பார்த்து எழுதுகிறார். கடைசியில் இளம் வெள்ளைக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள்: ஒரு கூலிக்காக யானையைச் சுட்டது அநியாயம், எந்தக் கூலியைவிடவும் யானைக்கு விலை அதிகம். பிழைக்கப்போன தென்னிந்தியனின் உயிருக்குச் சாம்ராஜ்யம் போட்ட மதிப்பு அது. "அதிகச் சமம்" என்ற வரியை எழுதிய கைக்கு இந்தக் கணக்கு இருபது வருஷம் முன்பே பழக்கம்.

அதைவிட முக்கியம் ஸ்பெயின். 1936 டிசம்பரில், ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் பாசிசத்தை எதிர்த்துப் போராட பார்சிலோனாவுக்குப் போனார். அவர் சேர்ந்தது பி.ஓ.யு.எம். என்ற சிறிய இடதுசாரிக் கட்சியின் படையில். 1937 மே 20 அன்று ஹுவெஸ்கா அருகே போர்முனையில் தொண்டையில் குண்டு பாய்ந்தது. மயிரிழையில் உயிர் தப்பினார். அடுத்த மாதமே அந்தக் கட்சி தடை செய்யப்பட்டது. பாசிஸ்டுகளின் கைக்கூலி என்று கம்யூனிஸ்ட் பத்திரிகைகள் முத்திரை குத்தின. கட்சித் தலைவர் ஆண்ட்ரேயு நின் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஆர்வெலும் மனைவி ஐலீனும் ஒளிந்து அலைந்து, ரயிலேறி பிரான்சுக்குத் தப்பினார்கள்.

சண்டையே நடக்காத இடத்தில் மாபெரும் போர் நடந்ததாகவும், நூற்றுக்கணக்கானோர் செத்த இடத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லாமலும் செய்திகள் வந்ததைக் கண்டேன் என்று பின்னாளில் எழுதினார். இதை மனசில் வைத்துக்கொண்டு, ஜோன்ஸ் பண்ணையை மீட்க வந்தபோது நடக்கும் மாட்டுக்கொட்டகைப் போரின் கதையைத் தொடர்ந்து பாருங்கள். ஸ்னோபால் முன்னின்று போரிட்டு, ஜோன்ஸின் துப்பாக்கி ரவைகள் முதுகில் கீற, முதல் வகுப்பு வீர விருது பெறுகிறது. பிறகு, அது அத்தனை ஒன்றும் தீரமில்லை என்கிறார்கள். அப்புறம், அது எதிரியோடு சேர்ந்திருந்தது என்கிறார்கள். கடைசியில், முதுகுக் காயமே நெப்போலியன் கடித்ததுதான் என்று ஆகிவிடுகிறது. கண்ணால் பார்த்த பாக்ஸர் ஒரே ஒரு முறை மறுத்துப் பேசுகிறது. தோழர் நெப்போலியனே சொல்லிவிட்டார் என்றதும், அப்படியானால் சரிதான் என்று அடங்கிவிடுகிறது. இது முழுக்க ஸ்பெயின்.

ஊர் திரும்பியதும், யாருக்கும் புரிகிற, எந்த மொழியிலும் எளிதில் பெயர்க்கக்கூடிய ஒரு கதையில் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தார். வடிவம் கிடைக்கவில்லை. ஒரு நாள் கிராமத்தில் பத்து வயதுப் பையன் ஒருவன் பெரிய வண்டிக் குதிரையைக் குறுகலான பாதையில் ஓட்டிப்போவதைப் பார்த்தார். குதிரை திரும்ப முயலும்போதெல்லாம் சாட்டையடி. இந்த மிருகங்களுக்குத் தங்கள் பலம் தெரிந்துவிட்டால் நம்மால் என்ன செய்ய முடியும் என்று தோன்றியதாக உக்ரைனிய முன்னுரையில் எழுதியிருக்கிறார். பி.பி.சி.யில் இந்திய ஒலிபரப்பு வேலையை விட்ட 1943 நவம்பரில் எழுதத் தொடங்கி, 1944 பிப்ரவரியில் முடித்தார். எழுதியதை இரவுகளில் ஐலீனுக்குப் படித்துக் காட்டினார். ஆர்வெலின் மற்ற நாவல்களில் இல்லாத ஓர் இலகுவும் வடிவக் கச்சிதமும் இதில் இருப்பதற்கு ஐலீனின் காதும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன். நூல் வெளிவரும் முன்பே, 1945 மார்ச்சில், அறுவைச் சிகிச்சை மேசையில் அவர் இறந்துபோனார்.

ஆர்வெலைப் புனிதராக்கியும் படிக்க வேண்டாம். 1949இல், சோவியத் சார்புள்ளவர்கள் என்று தான் கருதிய 38 பேரின் பெயர்ப்பட்டியலைப் பிரிட்டிஷ் அரசின் பிரசாரத் துறைக்குக் கொடுத்தார். அது பற்றிய விவாதம் இன்றும் நடக்கிறது. இரண்டு பக்க வாதங்களையும் தேடிப் படியுங்கள்.

நூல் அச்சேறிய கதை

இதைச் சுருக்கமாகத் தெரிந்துகொண்டால் போதும். அன்று ரஷ்யா பிரிட்டனின் நட்பு நாடு. முதலில் பதிப்பாளர் விக்டர் கொலான்ஸ் மறுத்தார். ஜோனதன் கேப் நிறுவனம் ஒப்புக்கொண்டு, தகவல் அமைச்சக அதிகாரி ஒருவரின் யோசனைக்குப்பின் பின்வாங்கியது. ஆளும் சாதியாகப் பன்றிகளைக் காட்டியது பலரைப் புண்படுத்தும் என்று கடிதம் எழுதியது. ஃபேபர் நிறுவனத்தில் இருந்த கவிஞர் டி.எஸ்.எலியட்டும் திருப்பி அனுப்பினார். கதையில் தேவைப்படுவது இன்னும் பொதுநலம் உள்ள பன்றிகளே என்பது அவர் கருத்து. பாலும் ஆப்பிளும் வரும் பக்கத்தைப் படித்த பிறகு அந்தக் கருத்தைப் பற்றி நீங்களே முடிவு செய்யலாம். இதற்கிடையில் 1944 ஜூனில் ஆர்வெல் குடியிருந்த வீடு ஜெர்மன் பறக்கும் குண்டில் சேதமடைந்தது. கையெழுத்துப் பிரதி கசங்கலோடு தப்பியது. கடைசியில் செக்கர் அண்ட் வார்பர்க் 1945 ஆகஸ்ட் 17 அன்று 4,500 பிரதிகள் வெளியிட்டது.

பின்கதையில் இரண்டு சம்பவங்கள் முக்கியம். உக்ரைனிய மொழிபெயர்ப்பு, ஜெர்மனியில் அகதி முகாம்களில் இருந்த உக்ரைனியர்களுக்காக அச்சிடப்பட்டது. ஆர்வெல் அதற்குப் பணம் வாங்கவில்லை. அமெரிக்க ராணுவ அதிகாரிகள் பிரதிகளில் ஒரு பகுதியைப் பறிமுதல் செய்து சோவியத் தரப்பிடம் ஒப்படைத்தார்கள். அதே அமெரிக்காவின் சி.ஐ.ஏ. சில ஆண்டுகளில் இந்த நாவலைக் கார்ட்டூன் படமாக எடுக்க ரகசியமாகப் பணம் கொடுத்தது. 1954இல் வந்த அந்தப் படத்தில் முடிவு மாற்றப்பட்டிருக்கிறது. பன்றிகளோடு விருந்துண்ணும் மனிதர்கள் காணாமல் போய், விலங்குகள் பன்றிகளுக்கு எதிராக மறுபடி எழுகின்றன. பில்கிங்டனும் நெப்போலியனும் ஒரே மாதிரி தெரிகிறார்கள் என்ற ஆர்வெலின் கடைசி வரி, படம் எடுக்கச் சொன்னவர்களுக்கு உதவாது. படத்தை மட்டும் பார்த்துவிட்டு நாவலைப் பற்றிப் பேசாதீர்கள்.

எழுதும்போதும், சேர்ந்து பேசும்போதும்

தேர்வுக்காகப் படிப்பவர்கள் பாத்திரப் பட்டியலை ஒரு பத்தியோடு நிறுத்திக்கொண்டு, மிச்சப் பக்கங்களை ஒரே ஒரு காட்சிக்குக் கொடுங்கள். வாளிக் காட்சி, ஏணிக் காட்சி, அல்லது கொலைகளுக்குப்பின் குளோவர் மேட்டில் நின்று பண்ணையைப் பார்த்துக் கண்ணீர் விடும் காட்சி. குளோவருக்கு மனசில் இருப்பதைச் சொல்லச் சொற்கள் இல்லை, அதனால் மேஜர் கற்றுத்தந்த பழைய பாட்டைப் பாடுகிறாள். அன்றே அந்தப் பாட்டும் தடை செய்யப்படுகிறது. இப்படி நெருங்கிப் பார்த்து எழுதிய விடை தனியாகத் தெரியும்.

நண்பர்களோடு வாசிப்பதென்றால், வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் வீதம் ஐந்து வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் ஒருவர் ஸ்குவீலரின் ஒரு பேச்சை உரக்க வாசிக்கட்டும். எந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்லாமல் நழுவினான் என்று மற்றவர்கள் கண்டுபிடியுங்கள். எட்டாம் அத்தியாயத்தில் உற்பத்தி 200 சதவீதம், 300 சதவீதம், 500 சதவீதம் உயர்ந்ததாக அவன் படிக்கும் புள்ளிவிவரங்கள் இதற்கு நல்ல தொடக்கம். உள்ளூர் அரசியலோடு ஒப்பிட்டுப் பேசும் ஆசை கட்டாயம் வரும். அதைக் கடைசி வாரத்துக்கு ஒத்திப்போடுங்கள். ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காத கட்சியைப் பற்றிப் பேசாமல், தமக்குப் பிடித்த கட்சி எந்தக் கட்டளையில் எந்தச் சொல்லைச் சேர்த்தது என்று சொல்லட்டும்.

அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டால், பலரும் ஆர்வெலின் '1984' நாவல் என்பார்கள். அதற்கு முன் ஸ்பெயின் அனுபவத்தைச் சொல்லும் 'கேட்டலோனியாவுக்கு வணக்கம்' நூலைப் படியுங்கள். 1938இல் வந்தது. கட்சி விவகாரங்கள் நிறைந்த அத்தியாயங்கள் கடினமாகப் பட்டால் முதல் வாசிப்பில் தாண்டிவிடலாம். 1937 மே மாதத்தில் பார்சிலோனாத் தெருக்களில் நடந்த மோதலைச் சொல்லும் பகுதியை மட்டும் விடாதீர்கள். அந்த மோதலில் ஆர்வெல் ஒரு சினிமாக் கொட்டகையின் கூரைமேல் காவல் இருந்தார். அந்தப் பக்கங்களை முடித்ததும் பண்ணையின் ஏழாம் அத்தியாயத்தை இன்னொரு தடவை படியுங்கள்.